லயனல் வென்ட்: மண்டபத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர்

கொழும்பில் நாடகம் பார்க்கச் செல்பவர்களுக்கு லயனல் வென்ட் என்ற பெயர் புதிதன்று. கறுவாத்தோட்டத்தில் கில்ட்போர்ட் கிரசன்டில் அமைந்துள்ள அந்த மண்டபத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் நாடகங்கள் மேடையேறி வந்துள்ளன. ஆயினும் அப்பெயருக்குரிய மனிதர் யார், அவர் இந்நாட்டுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். கண்டியில் இதே கேள்வியைக் கேட்டால் தயக்கம் இன்னும் கூடும். உண்மையில் கண்டியின் மலைகளையும் நடனத்தையும் உலகத்துத் திரைப்பட ரசிகர்கள் கண்டு வியந்த வேளையில், அவர்கள் செவியில் விழுந்த குரல் அவருடையதாகும்.

லயனல் வென்ட் வழக்கறிஞர், பியானோ இசைஞர், புகைப்படக் கலைஞர், ஓவியர்களின் புரவலர், ஆவணப்படமொன்றின் குரல். இவை யாவும் நூல்களில் பதிவாகியுள்ளன. அவர் ஆண்கள்பால் ஈர்ப்புக்கொண்ட ஆணாகவும் வாழ்ந்தார் என்பது நீண்டகாலமாக அரைகுறையாகவே பேசப்பட்டு வந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் மட்டுமே நீடித்த அந்த வாழ்வை முழுமையாகப் பார்ப்பது இன்று தமிழ், முஸ்லிம் வாசகர்களாகிய நமக்கும் பயனுடையது என்று கருதுகிறோம். ஒரு நாட்டின் சித்திரத்துள் யார் இடம்பெறுகிறார், யார் விடுபடுகிறார் என்ற கேள்வி நமக்குப் பழக்கமான கேள்வியே அல்லவா?

1900ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி கொழும்பில் வென்ட் பிறந்தார். தந்தையார் ஹென்றி லோரன்ஸ் வென்ட் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்துப் பின்னர் உயர் நீதிமன்ற நீதியரசரானவர். தாயார் அமேலியா டி சேரம் சிங்களக் குடும்பத்தவர். தந்தையாருக்குச் சட்டத்தோடு புகைப்படக் கலையிலும் நாட்டமிருந்தது. 1911இல் தந்தையும் 1918இல் தாயும் காலமானார்கள். புனித தோமையர் கல்லூரியில் பயின்ற இளைஞர், பதினெட்டு வயதிற்குள் பெற்றோர் இருவரையும் இழந்தவராய், கையில் போதிய செல்வத்துடன் தனித்து நின்றார்.

1919இல் அவர் இங்கிலாந்து சென்றார். வெளியில் சொல்லப்பட்ட காரணம் சட்டப்படிப்பு. இன்னர் டெம்பிளில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார் என்பது உண்மையே. ஆனால் லண்டனில் அவருடைய மனம் சென்ற இடம் ரோயல் இசைக் கழகமாகும். அங்கே முறையாகப் பியானோ கற்று, தேர்ந்த வாசிப்பாளராக 1924இல் தாயகம் திரும்பினார். சிறிது காலம் நீதிமன்றத்துக்குச் சென்றவர், விரைவில் கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு இசையோடு வாழத் தலைப்பட்டார். நீதியரசரின் மகன் தொழிலைத் துறப்பதை அன்றைய கொழும்புச் சமூகம் எப்படி நோக்கியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். வருமானத்துக்காக உழைக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தை அவர் வீணடிக்கவுமில்லை.

அவருடைய வீடு சிறிய கலைக்கழகம் போன்று இயங்கியது. ஐரோப்பாவில் வெளியாகும் புதிய நூல்களும் இசைத்தட்டுகளும் அங்கு வந்து சேர்ந்தன. 1929இல் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் வாழ்ந்த இளங்கவிஞர் பப்லோ நெருடாவுக்கு, வாரந்தோறும் சைக்கிளில் ஆள் மூலம் ஒரு மூட்டை நூல்களை வென்ட் அனுப்பி வந்தார். நெருடா தமது நினைவுக் குறிப்புகளில் இதனை நன்றியுடன் பதிவு செய்துள்ளார். குடியேற்ற ஆட்சியின் முடிவுக்கும் இந்நாட்டின் சொந்தப் பண்பாட்டு வளத்துக்கும் இடையே நின்ற மையப் புள்ளியாகவே வென்ட்டை அவர் கண்டார்.

அதே நினைவுக் குறிப்புகளில் நெருடா இன்னொன்றையும் எழுதிவைத்தார். தமது வீட்டு மலகூடத்தைத் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண் ஒருவரைப் பலவந்தப்படுத்தியமையே அது. 1974இல் நூலாக வெளிவந்த அக்குறிப்பைப் பல்லாண்டு காலம் எவரும் பெரிதுபடுத்தவில்லை. அசோக ஹந்தகம 2021இல் 'அல்பொராடா' என்ற தமது திரைப்படத்தில் அதனை மையமாக எடுத்துக்கொண்டார். அப்பெண்ணின் பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது. கலைஞர்களின் பெருமையைப் பேசும்போது அவர்களைச் சூழ்ந்து உழைத்த பெயரற்றவர்களையும் நினைவிற்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை இங்கே குறிப்பிடுகிறோம். வென்ட்டின் வரலாற்றிலும் இந்தப் பெயரின்மை மீண்டும் வந்து நிற்கும்.

கொழும்பின் மேட்டுக்குடியினர் மேல்நாட்டையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வென்ட்டின் பார்வையை உள்நாட்டின் பக்கம் திருப்பியதில் கண்டிக்குப் பெரும் பங்குண்டு. கண்டியில் 1901இல் பிறந்து திரித்துவக் கல்லூரியில் பயின்ற ஜோர்ஜ் கீற் அவருடைய நெருங்கிய நண்பரானார். பறங்கியர் குடும்பத்தில் பிறந்த கீற், பௌத்த விகாரைகளின் சூழலிலும் கண்டிக் கிராமங்களிலும் தமது ஓவியத்துக்கான நாடியைக் கண்டவர். பிக்காசோ போன்றோரின் புதிய ஓவிய முறைகளை வென்ட் நூல்கள் வழியே அறிமுகப்படுத்த, கண்டியின் சுவர்ச்சித்திர மரபை ஏற்கெனவே உள்வாங்கியிருந்த கீற் இரண்டையும் இணைத்தார். 1930இல் கொழும்பில் கீற்றின் ஓவியங்கள் காட்சிக்கு வந்தபோது பின்னின்று உழைத்தவர் வென்ட். அவற்றைப் பாராட்டி எழுதியவர்களுள் நெருடாவும் ஒருவர்.

கண்டிய நடனம் இன்று இந்நாட்டின் தேசிய அடையாளமாகப் போற்றப்படுகிறது. விமான நிலைய வரவேற்பிலிருந்து அரச வைபவம் வரை அந்த மேளம் ஒலிக்கிறது. ஆனால் கடந்த நூற்றாண்டின் முப்பதுகளில் நிலைமை வேறு. கொஹொம்பா கங்காரிய என்ற நேர்த்திச் சடங்கில் ஆடியவர்கள், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த பெரவா சமூகத்தினர். ஆங்கிலம் கற்ற வகுப்பினருக்கு அது வெறும் கிராமத்துச் சடங்காகவே தோன்றியது. கண்டியை அடுத்த நித்தவெல, அமுணுகம ஆகிய கிராமங்களில் குணயா, சுரம்பா போன்ற மகத்தான ஆடற்கலைஞர்கள் வாழ்ந்த காலம் அது. அவர்களுடைய ஆட்டத்தை உலகின் எந்த அரங்கக் கலைக்கும் இணையான கலையாகக் கண்டு, கொழும்பு இரசிகர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் எடுத்துரைத்தவர்களுள் வென்ட் முன்னணியில் நின்றார். தமது கமராவால் அவர் அவர்களைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்தார்.

இந்த அறிவுதான் 1934இல் பசில் ரைட் என்ற இளம் பிரித்தானிய இயக்குநருக்குப் பெருந்துணையாயிற்று. ரைட் இலங்கைக்கு வந்தது தேயிலைக்காக. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் அனுசரணையில், பிரித்தானிய ஆவணப்பட இயக்கத்தின் தந்தை எனப்படும் ஜோன் கிரியர்சனின் தயாரிப்பில், சிறு விளம்பரப் படங்கள் சிலவற்றை எடுத்துச் செல்வதே அவருக்கு இடப்பட்ட பணி. ஆனால் இந்த நாடு அவரை வேறொரு பாதையில் இழுத்தது. சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரிகர்கள், பொலன்னறுவைப் புத்தர் சிலைகள், வயல்வெளிகள், கண்டிய நடனக் கலைஞர்கள் என அவர் பதிவு செய்தவை நான்கு பகுதிகள் கொண்ட ஒரே திரைப்படமாக உருவெடுத்தன. 'சோங் ஒஃப் சிலோன்' என்ற அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் ஓடக்கூடியது. 1935இல் பிரசெல்ஸ் சர்வதேசத் திரைப்பட விழாவில் அது முதற் பரிசை வென்றது. உலக ஆவணப்பட வரலாற்றில் இன்றும் பாடமாக வைக்கப்படும் படங்களுள் அதுவும் ஒன்று.

படத்தின் வருணனைக்கு ரைட் தேர்ந்தெடுத்த நூல் 1681இல் லண்டனில் வெளியான ரொபர்ட் நொக்ஸின் நூலாகும். நொக்ஸின் கதையைக் கிழக்கிலங்கை வாசகர்கள் நன்கறிவர். 1660இல் கொட்டியாரக் குடாவில், இன்றைய மூதூர்ப் பகுதியில், தந்தையோடு சிறைப்பட்ட அவரை இரண்டாம் இராஜசிங்கன் கண்டி இராச்சியத்துக்குள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தான். 1679இல் தப்பியோடி, மன்னாரை அடுத்த அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். கண்டி மக்களின் உழவு, உணவு, வழிபாடு, வழக்காறு ஆகியவற்றைப் பற்றி அந்தச் சிறைவாசி எழுதியவற்றையே வென்ட்டின் குரல் படத்தில் வாசிக்கிறது. அது நிதானமான, உணர்ச்சியை வெளிக்காட்டாத குரல். அந்நாளைய விளம்பரப் படங்களில் கேட்கும் அதிகாரத் தொனி அதில் இல்லை. இந்நாட்டில் பிறந்த ஒருவரின் நாவில் வெளிநாட்டுக் கைதியின் சொற்கள் ஒலிப்பதால், அந்தப் பழைய உரைநடைக்குப் புதிய பொருள் கிடைத்தது.

ஒலிக்கும் காட்சிக்கும் இடையே இப்படம் அமைத்த உறவும் புதுமையானது. வணிகத்தின் குரல்கள் என்ற மூன்றாம் பகுதியில், சந்தை விலைகள், கப்பல் அறிவித்தல்கள், தொலைபேசி உரையாடல்கள் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கத் திரையில் யானை மரம் சாய்க்கிறது, மனிதர்கள் தேங்காய் பறிக்கிறார்கள், பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். லண்டனில் பேசப்படும் விலைக்கும் மலைச்சரிவில் வியர்க்கும் உடலுக்கும் உள்ள தூரத்தை விளக்கவுரை எதுவுமின்றியே இரசிகர் உணர்ந்துகொள்ள முடிந்தது. தேயிலை விற்பதற்காகக் கொடுக்கப்பட்ட பணத்தில், தேயிலை வணிகத்தைப் பற்றியே ஐயம் எழுப்பும் படம் உருவானது விந்தையே.

எனினும் தமிழ் வாசகர் என்ற முறையில் நாம் இப்படத்தை வேறொரு கண்ணாலும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். கண்டிக்கு அருகே ஹேவாஹெட்டயிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் தொட்டு, அந்த மலைகளை வளமாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். படத்துக்குப் பணம் வந்தது அவர்களின் உழைப்பிலிருந்தே. ஆனால் அவர்கள் திரையில் தோன்றுவது சில கணங்கள் மட்டுமே. அவர்களுக்குப் பெயரில்லை, மொழியில்லை. லயன் அறைகளின் வாழ்வு காட்டப்படவில்லை. படத்தின் உயிர்நாடியான இலங்கை, கண்டிச் சிங்களக் கிராமத்தின் பௌத்த இலங்கையாகும். படம் வெளியாகிப் பதினைந்து ஆண்டுகள் நிறைவதற்குள், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. திரையில் விடுபட்டவர்கள் தேருநர் இடாப்பிலிருந்தும் விடுபட்டார்கள்.

முஸ்லிம்களின் கண்டியும் இவ்வாறே விடுபட்டது. கண்டி நகரில் சோனகருக்கு ஒரு வணக்கத்தலம் இருந்ததையும், மன்னரின் ஆணைப்படி குடிகள் அதற்குக் காணிக்கை செலுத்தி வந்ததையும் நொக்ஸ் தமது நூலில் குறிப்பிட்டுள்ளார். கண்டி இராச்சியம் பல சமயத்தாரை அரவணைத்திருந்தமைக்கு அது முக்கியமான சான்று. அதே நூலைக் கையிலெடுத்த திரைப்படம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. இந்தத் தேர்வுகளுக்கு இயக்குநரே முதற் பொறுப்பாளர் என்பது உண்மை. ஆயினும் குரல் கொடுத்தவரும் அக்காலத்துக் கொழும்பு அறிவாளரின் எல்லைக்குள் நின்றவர்தான். இந்நாட்டை நேசித்த வென்ட்டின் நேசத்துக்கும் ஓர் ஓரம் இருந்தது. அந்த ஓரத்துக்கு வெளியே நம்மவர் நின்றார்கள். இதைச் சொல்வதால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. பெருமையைக் காரணம் காட்டி இதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

முப்பதுகளில் வென்ட்டின் பெரும் பொழுது புகைப்படக் கலையில் கழிந்தது. இலங்கைப் புகைப்படச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். லேக் ஹவுஸ் நிறுவனத்தின் சித்ராபோட்டோ என்ற நிழற்படப் பிரிவை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1938இல் லண்டனிலுள்ள கமரா கழகத்தில் அவருடைய தனிக்கண்காட்சி நடைபெற்றது. இருட்டறையில் அவர் செய்த சோதனைகள் அந்நாளில் தெற்காசியாவில் அபூர்வமானவை. படத்தாளை இடையில் ஒளிபடச் செய்து உருவின் விளிம்பில் கருங்கோடு தோன்ற வைப்பார். கமராவே இன்றிப் பொருள்களை நேரடியாகத் தாளில் வைத்து நிழலுருவம் எடுப்பார். பல படங்களை ஒட்டி ஒரே படமாக்குவார். பாரிஸில் மான் ரே செய்தவற்றை அறிந்து, அவற்றைத் தென்னையும் கடலும் கோவிலும் நிறைந்த நாட்டுக்கு ஏற்றவாறு அவர் பயன்படுத்தினார்.

அவருடைய படங்களில் மீனவர், உழவர், நடனக் கலைஞர், சிறு தொழிலாளர், இடிந்த தூபிகள், கடற்கரைகள் எனப் பலவும் உண்டு. அவற்றோடு ஆண் உடலை அதன் அழகுக்காகவே, சிற்பி கல்லை நோக்கும் கவனத்துடன் நோக்கிய படங்களும் கணிசமாக உண்டு. அக்காலக் குடியேற்றக்காரப் புகைப்படங்களில் இந்நாட்டு மக்கள் அளந்து வகைப்படுத்தப்படும் இனமாதிரிகளாகவே காணப்பட்டனர். வென்ட்டின் படங்களில் அவர்கள் தம் உடலின் வனப்பை அறிந்த மனிதர்களாக நிற்கிறார்கள். அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தோர் இப்படங்களில் ஒருபால் ஈர்ப்பின் அழகியலை இனங்கண்டுள்ளனர். வெளிப்படையாகச் சொல்ல முடியாததை ஒளியும் நிழலும் கொண்டு அவர் சொன்னார் எனலாம்.

ஏன் வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை என்பதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பிரித்தானியர் 1883இல் இங்கு இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறான உறவு என்ற பெயரில் ஒருபாலுறவைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அந்தச் சட்டத்தை நிலைநாட்டிய நீதிமன்றத்தில் தந்தை நீதியரசராக இருந்தார். அச்சட்ட மரபையே மகன் லண்டனில் கற்றார். அதன் பிடியில் தாமும் எந்நாளும் அகப்படக்கூடும் என்பதை அறிந்தே வாழ்ந்தார். செல்வமும் குடும்பப் பெயரும் அவருக்குக் கவசமாக இருந்தன. அந்தக் கவசம் இல்லாத ஏழைகள் அஞ்சியே வாழ்ந்தனர். அவருடைய படங்களில் நிற்கும் இளைஞர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை. கமராவின் ஒருபுறம் நின்ற செல்வந்தருக்கும் மறுபுறம் நின்ற உழைப்பாளிக்கும் இடையே சமநிலை இருந்ததாக நாம் பாவனை செய்ய வேண்டியதில்லை. படங்களின் அழகை ஏற்றுக்கொள்ளும் அதே வேளையில் இந்தக் கேள்வியையும் எழுப்புவதே நேர்மையாகும்.

1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி வென்ட்டின் இல்லத்தில் ஓவியர்கள் சிலர் கூடினார்கள். பழைமைவாதக் கலைச் சங்கத்திலிருந்து விலகி நின்ற ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், மஞ்சுஸ்ரீ, ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலட், ரிச்சர்ட் கேப்ரியல், ஜெப்ரி பெய்லிங் முதலியோர் இணைந்த 43 குழு அங்கு பிறந்தது. பறங்கியர், சிங்களவர், பௌத்தர், கிறிஸ்தவர் எனப் பலதரப்பட்டோர் ஒரு கூரையின் கீழ் இணைந்தமைக்கு வென்ட்டின் ஆளுமையே காரணம். அதே ஆண்டு நவம்பரில் அவர்களின் முதற் கண்காட்சி நடைபெற்றது. இலங்கையின் நவீன ஓவியம் அன்றுதான் ஓர் இயக்கமாக உருப்பெற்றது. ஓராண்டு சற்றே கடந்த நிலையில், 1944ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் திகதி மாரடைப்பால் வென்ட் காலமானார். தம் நாற்பத்து நான்காவது பிறந்தநாளைக் கொண்டாடிப் பதினாறு நாட்களே ஆகியிருந்தன.

அவருடைய எதிர்மறைச் சுருள்களில் பெரும்பாலானவை பின்னர் அழிந்துபோயின. எஞ்சியவை நண்பர்களின் பொறுப்பில் இருந்த பிரதிகள். அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த படங்களைக் கொண்ட நூல் 1950இல் லண்டனில் வெளியானது. அவருடைய இல்லம் இருந்த நிலத்தில் நினைவு மண்டபம் எழுப்பப்பட்டு 1953இல் அரங்கு திறக்கப்பட்டது. மனிதர் மண்டபமானார். மண்டபம் நிலைத்தது, மனிதரைப் பற்றிய பேச்சு மெல்ல மங்கியது. 2000ஆம் ஆண்டில் நூற்றாண்டு நினைவாக வெளியான நூலும், 2017இல் அம்ஸ்டர்டாம் நகரில் ஹயிஸ் மார்செய் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியும் அவரை மீண்டும் கலையுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தன.

திரைத்துறையில் அவருடைய தடம் வேறு வகையில் தொடர்ந்தது. 43 குழுவின் ஐவன் பீரிஸுடைய சகோதரர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். அரச திரைப்படப் பிரிவில் ஆவணப்படப் பயிற்சி பெற்ற அவர், அங்கிருந்து விலகி 1956இல் 'ரேகாவ' என்ற படத்தை அளித்தார். படப்பிடிப்புத் தளங்களை விட்டு உண்மையான கிராமத்துக்குச் சென்று எடுக்கப்பட்ட அப்படமே சுயாதீனச் சிங்கள சினிமாவின் தொடக்கம் எனக் கொள்ளப்படுகிறது. வணிக நிறுவனங்களின் தயவின்றித் தம் கண்ணால் நாட்டைப் பார்க்க முடியும் என்ற துணிவு, வென்ட்டின் வீட்டில் வளர்ந்த சூழலிலிருந்து வந்த துணிவேயாகும்.

வென்ட்டால் பேச முடியாமற்போனதைப் பேசும் திரைப்படங்கள் வருவதற்கு அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஹந்தகமவின் 'தனித் தட்டுவென் பியாபன்ன' 2002இல், ஆணாக வாழும் பெண்ணொருவரின் கதையைச் சொல்லிப் பெரும் சர்ச்சைக்குள்ளானது. சட்டத்தரணியான விசாகேச சந்திரசேகரம் 2014இல் 'பிரஞ்சிபானி' என்ற படத்தில், கிராமத்து இளைஞர் இருவருக்கிடையிலான காதலைக் கருப்பொருளாக்கினார். அதே இயக்குநர் போருக்குப் பிந்திய வடபுலத்து வாழ்வைத் தமிழில் சொன்ன 'மணல்' 2023இல் ரொட்டர்டாம் விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்றது. ஒருபாலீர்ப்புடையோரின் துயரையும் தமிழரின் போர்க்காலத் துயரையும் ஒரே கலைஞர் கையிலெடுத்தமை தற்செயலன்று. புறக்கணிக்கப்பட்டோரைப் பார்க்கப் பழகிய கண் எங்கும் அதனையே பார்க்கும்.

சட்டம் இதற்கிடையில் அவ்வளவாக நகரவில்லை. 1995ஆம் ஆண்டின் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரிவாக்கியதே தவிரத் தளர்த்தவில்லை. 2023இல் இப்பிரிவுகளை நீக்குவதற்கான தனிநபர் சட்டமூலம் முன்வைக்கப்பட்டபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதம் தீர்மானித்தது. எனினும் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்படும் வரை அது நிறைவேறவில்லை.

இவ்விடயத்தில் சமயங்களின் நிலைப்பாடுகளை நாம் அறிவோம். இஸ்லாமிய வாசகரும் கிறிஸ்தவ, இந்து வாசகரும் தம் நம்பிக்கைக்கு ஏற்ப ஒழுக்கத்தை வகுத்துக்கொள்ளும் உரிமையுடையோர்; அதில் தலையிடுவது நம் நோக்கமன்று. நாம் கேட்பது வேறு. ஒருவரின் நடத்தையை ஏற்காதிருப்பது ஒன்று. அவரைச் சிறையில் அடைக்கும் சட்டத்தை விரும்புவது இன்னொன்று. அவர் வாழ்ந்ததையே வரலாற்றிலிருந்து அகற்றுவது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றல்ல. வரலாற்றிலிருந்து அகற்றப்படுவதன் வலியை மலையகத் தமிழரும் வடகிழக்குத் தமிழரும் முஸ்லிம்களும் அனுபவத்தால் அறிந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தம் கதை பேசப்படுவதற்கு எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். தமது கதை மறைக்கப்படலாகாது என்று கோருகின்ற சமூகம், பிறர் கதையை மறைப்பதற்கு உடந்தையாதல் முறையாகாது.

கண்டி நகரின் பாடசாலைகளிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வகுப்புகளிலும் 'சோங் ஒஃப் சிலோன்' திரையிடப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும் என்பது நம் விருப்பம். நித்தவெலவினதும் அமுணுகமவினதும் கலைஞர்களை மாணவர்கள் அதில் காணட்டும். கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்கள் யாருடைய பாட்டிகள் என்று மலையக மாணவர்கள் கேட்கட்டும். நொக்ஸின் நூலிலுள்ள பள்ளிவாசல் படத்தில் ஏன் இல்லை என்று முஸ்லிம் மாணவர்கள் வினவட்டும். அந்த நிதானமான குரலுக்குரியவர் தம் வாழ்வின் ஒரு பாதியை ஏன் மௌனத்தில் வைக்க நேர்ந்தது என்பதையும் ஆசிரியர்கள் மறைக்காது கூறட்டும். கில்ட்போர்ட் கிரசன்ட் மண்டபத்தின் வாயிலில் பொறிக்கப்பட்ட பெயருக்கு அதுவே உரிய மரியாதையாகும்.